சிறு படகும் பெருங்கணையும்: இந்தியக் கடற்படையின் ஏவுகணைப் படகுகள் கடந்து வந்த பாதை

1971-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தா துறைமுகத்தில் எட்டுப் போர்ப்படகுகள் கிரேனில் தொங்கியபடி ஹூக்ளி ஆற்றில் இறங்கின. சோவியத் நாட்டிலிருந்து பாரம் தூக்கும் பெருங்கப்பல்களில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவை அவை. ஒவ்வொன்றும் 200 டன் அளவு எடை, 40 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். அவை பணியாற்ற வேண்டிய இடம் கல்கத்தா அல்ல, பம்பாய். ஆனால் அத்தனை எடையைத் தூக்கி இறக்கும் கிரேன் பம்பாயில் அப்போது இல்லை. ஆகவே கிழக்கே இறக்கி, பெரிய கப்பல்களின் பின்னால் வடம் கட்டி, தீபகற்பத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு மேற்கே போனார்கள்.

கிரேன் இல்லாத குறையால் செய்த அந்த வேலைதான் அதே ஆண்டு டிசம்பரில் ஒரு போர்த் திட்டத்துக்கு வழிகாட்டியது. குறைந்த தூரமே ஓடக்கூடிய படகை இன்னொரு கப்பல் நெடுந்தூரம் இழுத்துச் செல்ல முடியும் என்பது கண்கூடாகத் தெரிந்துவிட்டதல்லவா?

ஏவுகணைப் படகு என்றதும் 1971 போரில் பாகிஸ்தானின் கராச்சி எரிந்த கதைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 4 கடற்படை நாளாகக் கொண்டாடப்படுவதற்கும் அந்த இரவே காரணம். ஆனால் அந்த வெற்றியில் படகின் பங்கு எவ்வளவு, படகைச் சுற்றி இருந்த ஏற்பாடுகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், பின்னால் வந்த அரை நூற்றாண்டின் போக்கு விளங்கும். சிறிய, மலிவான, வேகமான படகு ஒவ்வொரு தலைமுறையிலும் ஏன் பெருத்துக்கொண்டே வந்தது? அடுத்து வரவிருப்பது படகு என்று அழைக்க முடியாத அளவுக்கு ஏன் வளர்ந்துவிட்டது?

துவாரகையும் போர்ட் சயீதும்

1965 போரில் இந்தியக் கடற்படையின் கைகள் கட்டப்பட்டிருந்தன. போர்பந்தருக்கு வடக்கே தாக்குதலுக்குப் போகக் கூடாது என்பது அரசின் கட்டளை. அந்தச் சூழலில், செப்டம்பர் 7 இரவு பாகிஸ்தான் கடற்படையின் கப்பல் அணி ஒன்று குஜராத் கரையோரம் வந்து துவாரகை மீது குண்டு பொழிந்துவிட்டுத் திரும்பியது. சேதம் பெரிதல்ல, அவமானம் பெரிது. அந்த அணியில் இருந்த கப்பல்களுள் இரண்டின் பெயர் கைபர், ஷாஜகான். இரண்டும் இந்தக் கதையில் மறுபடி வரும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1967 அக்டோபர் 21 அன்று, எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்துக்கு வெளியே ரோந்து வந்த இஸ்ரேலின் நாசகாரிக் கப்பல் எய்லாத் மூழ்கியது. 47 பேர் இறந்தார்கள். அதை மூழ்கடித்தவை கோமார் வகையைச் சேர்ந்த சோவியத் தயாரிப்புச் சிறு படகுகள். ஒரு கப்பல் ஏவிய ஏவுகணையால் இன்னொரு போர்க்கப்பல் மூழ்கியது உலக வரலாற்றில் அதுவே முதல் முறை.

அதுவரை கடற்போரில் ஒரு கணக்கு இருந்தது. பெரிய கப்பலை மூழ்கடிக்கப் பெரிய பீரங்கி வேண்டும். பெரிய பீரங்கியைச் சுமக்கப் பெரிய கப்பல் வேண்டும். பெரிய கப்பலைக் கட்டப் பணக்கார நாடாக இருக்க வேண்டும். ஏவுகணை அந்தக் கணக்கை உடைத்தது. பீரங்கிக்கு இருக்கும் பின்னுதைப்பு அதற்கு இல்லை. அதனால் மேலே ஒரு கூண்டை வைத்து எந்தத் தெப்பத்திலிருந்தும் ஏவிவிடலாம். சோவியத்துகளின் பி-15 ஏவுகணை (மேற்கு நாடுகள் வைத்த பெயர் ஸ்டிக்ஸ்) இரண்டு டன்னுக்கு மேல் எடை கொண்டது. ஏறத்தாழ அரை டன் வெடிமருந்தைச் சுமந்து சுமார் 40 கிலோமீட்டர் பறக்கும். இறுதிக் கட்டத்தில் தன் ரேடாரால் இலக்கைத் தானே தேடிப் போய் மோதும். கையாளுவது எளிதல்ல. திரவ எரிபொருளும் அதை எரியவைக்கும் அமிலமும் ஒன்றையொன்று தொட்டாலே தீப்பற்றும்; இரண்டும் நச்சு. எரிபொருள் நிரப்புகிறவர்கள் பாதுகாப்பு உடை அணிந்துதான் நெருங்க முடியும்.

கோமாரை விடப் பெரிய ஓசா வகைப் படகில் இத்தகைய ஏவுகணைகள் நான்கு. அவற்றோடு இரண்டு இரட்டைக்குழல் 30 மில்லிமீட்டர் துப்பாக்கிகள், மூன்று டீசல் என்ஜின்கள், மணிக்கு 35 கடல் மைலுக்கு மேல் வேகம். இந்தியா வாங்கியது இவற்றைத்தான். வித்யுத், விஜேதா, வினாஷ், வீர், நிபாத், நாஷக், நிர்பீக், நிர்காட் என எட்டுப் பெயர்கள். இவற்றை இயக்கவேண்டிய அதிகாரிகளும் மாலுமிகளும் விளாடிவாஸ்டாக்கின் உறைபனியில் பயிற்சி பெற்றார்கள். முதல் பாடம் ரஷ்ய மொழி. ஏனென்றால் கையேடுகளும் ஆசிரியர்களின் பேச்சும் அந்த மொழியில்தான் இருந்தன.

சோவியத்துகள் இந்தப் படகை வடிவமைத்தது தங்கள் கரையைக் காக்க. எதிரி நெருங்கி வந்தால் துறைமுகத்திலிருந்து பாய்ந்து போய் ஏவிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் அதற்கு எழுதப்பட்ட வேலை. கரைக்காவலுக்குச் செய்ததை எதிரியின் வாசலுக்கே கொண்டுபோவது என்ற முடிவு இந்தியர்களுடையது.

கராச்சிக்குப் போன வழி

அந்த முடிவின் பின்னால் இருந்தவர் கடற்படைத் தளபதி அட்மிரல் எஸ்.எம்.நந்தா. கராச்சித் துறைமுகத்தின் வாயிலில் இருக்கும் மனோரா தீவில் வளர்ந்தவர். கராச்சித் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் வேலையும் பார்த்தவர். எண்ணெய்த் தொட்டிகள் எங்கே, கப்பல்கள் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவருக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்தே தெரியும். 1965-இன் கட்டுப்பாடு மறுபடி வந்துவிடக் கூடாது என்று பிரதமர் இந்திரா காந்தியை நேரில் சந்தித்துக் கராச்சியைத் தாக்க அரசியல் தடை ஏதும் உண்டா என்று கேட்டுத் தெளிவு பெற்றார். தடை இல்லை என்பது உறுதியானது. மேற்குக் கடற்படைப் பிரிவின் தலைவர் வைஸ் அட்மிரல் எஸ்.என்.கோஹ்லியும், அணியின் நடவடிக்கைகளைத் திட்டமிட்ட குலாப் மோகன்லால் ஹிராநந்தானியும் விவரங்களை வகுத்தார்கள்.

சிக்கல்கள் வரிசை கட்டி நின்றன. பம்பாயிலிருந்து கராச்சி ஏறத்தாழ 900 கிலோமீட்டர்; ஓசாவோ வேகமாக ஓடினால் 1,500 கிலோமீட்டர் அளவுக்கே எண்ணெய் தாங்கும். போய்ச் சேரலாம், திரும்ப முடியாது. தாழ்வான படகு என்பதால் அதன் ரேடார் தொலைவில் பார்க்காது. வானிலிருந்து விமானம் வந்தால் இரண்டு துப்பாக்கிகளைத் தவிர வேறு துணை இல்லை.

ஒவ்வொரு குறைக்கும் படகுக்கு வெளியே ஒரு விடை தேடப்பட்டது. தூரத்துக்கு: இழுத்துச் செல்லும் பயிற்சி, சௌராஷ்டிரக் கரையில் முன்னதாகவே கொண்டுபோய் நிறுத்துவது, நடுக்கடலில் எண்ணெய் கொடுக்கப் போஷக் என்ற எண்ணெய்க் கப்பல். கண்ணுக்கு: பெரிய ரேடார் கொண்ட கில்டன், கச்சல் என்ற இரு துணைக் கப்பல்கள். வானத்துக்கு: இருட்டு. கப்பல்களை இரவில் தேடித் தாக்கும் திறன் பாகிஸ்தான் விமானப் படைக்கு அப்போது இல்லை. ஆகவே பொழுது சாயும்போது கராச்சி விமானங்களின் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். இருட்டியதும் உள்ளே பாய வேண்டும். விடிவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

டிரைடன்ட் என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கை டிசம்பர் 4 இரவு நடந்தது. நிபாத்துக்கு பி.என்.கவினா, நிர்காட்டுக்கு இந்தர்ஜித் சர்மா, வீருக்கு ஓ.பி.மேத்தா என மூன்று லெப்டினென்ட் கமாண்டர்கள். படகு அணியின் தலைவர் கமாண்டர் பப்ருபான் யாதவ். கில்டன் கப்பலை நடத்தியவர் கமாண்டர் கோபால் ராவ். மதுரையில் பிறந்தவர், ஓய்வுக்குப் பின் சென்னையில் வாழ்ந்து 2021-இல் மறைந்தவர். இந்த இரவுக்காக யாதவுக்கும் கோபால் ராவுக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. எதிரி ஒட்டுக் கேட்டாலும் புரியாதபடி படகுகள் தங்களுக்குள் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டன என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

பாகிஸ்தானின் ஒரு கட்டளையே இந்தியர்களுக்கு உதவியது. பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை கராச்சியிலிருந்து 75 மைலுக்குள் வணிகக் கப்பல்கள் வரக் கூடாது என்று அறிவித்திருந்தார்கள். எனவே ரேடாரில் அந்த வட்டத்துக்குள் தெரிவது போர்க்கப்பலாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடிந்தது.

இரவு பத்தே முக்கால் வாக்கில் நிர்காட்டின் முதல் ஏவுகணை நாசகாரிக் கப்பல் கைபரைத் தாக்கியது. ஆறு ஆண்டுக்கு முன் துவாரகைக்கு வந்த அதே கைபர். வானில் நெருப்புப் புள்ளியாக வந்ததை அதன் மாலுமிகள் விமானம் என்று நினைத்து அதை நோக்கிச் சுட்டார்கள். விமானத் தாக்குதல் என்றே தலைமையகத்துக்கும் செய்தி அனுப்பினார்கள். அந்தச் செய்தியில் கப்பல் நின்ற இடம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததால் மீட்புக்கு வந்தவர்கள் தேடி அலைய நேர்ந்தது. இரண்டாவது ஏவுகணையோடு கப்பல் மூழ்கியது. 222 பேர் மாண்டார்கள். வீர் ஏவிய ஒன்றில் கண்ணிவாரிக் கப்பல் முஹாஃபிஸ் உதவி கேட்டுச் செய்தி அனுப்பவும் நேரமின்றிச் சிதறியது. நிபாத் தாக்கியதில் வீனஸ் சேலஞ்சர் என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. ஷாஜகான் மீண்டும் போருக்கு உதவாதபடி சேதமானது. பிறகு நிபாத் கராச்சிக்கு 14 கடல் மைல் தொலைவு வரை போய், கெமாரி எண்ணெய்த் தொட்டிகளை நோக்கி ஏவிவிட்டுத் திரும்பியது. இந்தியத் தரப்பில் உயிரிழப்பு இல்லை.

கப்பலைத் தாக்கச் செய்த கணையைக் கரையிலிருக்கும் தொட்டி மீது ஏவலாம் என்பதும் அன்றைக்குப் புதிய யோசனைதான். கடலிலிருந்து வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போவது சென்னைக்குப் பழைய அனுபவம்: 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளை எரித்தது. அதற்கு எம்டன் கரையை மிக நெருங்கி வந்து பீரங்கியால் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட வேண்டியிருந்தது. கராச்சித் தொட்டிகள் எரிந்த பெருமை முழுவதையும் படகுகளுக்கே கொடுக்கவும் முடியாது. இந்திய விமானப் படையின் ஹன்டர் விமானங்களும் அதே நாளில் கெமாரியைத் தாக்கின. யார் மூட்டிய தீ என்பதில் இரு படைகளும் உரிமை கோரியதுண்டு.

அந்த வாரத்தின் மறுபக்கம்

டிசம்பர் 8 இரவு இரண்டாவது தாக்குதல், பைதான். வானிலை கெட்டிருந்ததால் சற்றுத் தள்ளிப்போன திட்டம் அது. இந்த முறை லெப்டினென்ட் கமாண்டர் விஜய் ஜெராத் தலைமையில் வினாஷ் என்ற ஒரே படகு. துணைக்குத் திரிசூல், தல்வார் என்ற இரு போர்க்கப்பல்கள். நான்கு ஏவுகணைகளும் ஏவப்பட்டன. மீண்டும் கெமாரியில் தீ. பாகிஸ்தான் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் டாக்கா சேதமானது. பனாமா நாட்டுக் கொடியுடன் நின்ற கல்ஃப் ஸ்டார் மூழ்கியது. பிரிட்டிஷ் கப்பல் ஹர்மாட்டன் சேதமானது.

கடைசி இரண்டும் போரில் சம்பந்தமில்லாதவை. முதல் இரவில் மூழ்கிய வீனஸ் சேலஞ்சர் பாகிஸ்தானுக்கு வெடிமருந்து கொண்டுவந்தது என்பது இந்தியத் தரப்பின் கூற்று. கல்ஃப் ஸ்டாருக்கும் ஹர்மாட்டனுக்கும் அப்படி எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை. பி-15-இன் ரேடார் எதிரொலியைத்தான் பார்க்கும், கொடியைப் பார்க்காது. முதல் தலைமுறைக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குருட்டுத்தனம் இருந்தது.

எதிர்த்தரப்பிலும் குழப்பம் குறைவில்லை. டிசம்பர் 6 அன்று பாகிஸ்தான் விமானப் படை தன் நாட்டுப் போர்க்கப்பலான ஸுல்ஃபிகாரையே இந்திய ஏவுகணைப் படகு என்று நினைத்துச் சுட்டது. படகுகளுக்கு எண்ணெய் வைத்திருந்த ஓக்கா துறைமுகத்தை அதன் விமானங்கள் குண்டு வீசி எரித்தன. கண்ணில் படாத படகைத் தேடுவதை விட அதன் எண்ணெய்க் கிடங்கைத் தாக்குவது எளிது என்று அவர்கள் கண்டுகொண்டது கூர்மையான பதிலடி. இதற்கிடையில் கராச்சியை விட்டுப் பாதுகாப்பாக வெளியேற வழி கேட்டன வெளிநாட்டுக் கப்பல்கள். அங்கிருந்த போர்க்கப்பல்கள் வெடித்துச் சிதறும் ஆபத்தைக் குறைக்க வெடிமருந்துச் சுமையைக் குறைத்துக்கொண்டு துறைமுகத்துக்குள் ஒதுங்கின.

ஆனால் ஒதுங்காத ஒன்று இருந்தது. டிசம்பர் 9 இரவு தியூவுக்கு அப்பால் ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி இந்தியாவின் குக்ரி என்ற போர்க்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கராச்சியை முடக்கிய வாரத்திலேயே, ஏவுகணைப் படகால் தொடக்கூட முடியாத எதிரி ஒருவன் நீருக்கடியில் இருக்கிறான் என்பதும் தெளிவானது. படகுகள் கொடுத்த வெற்றியின் பேரொளியில் இந்தப் பாடம் பல காலம் மங்கித் தெரிந்தது.

மாற்று வழி பிறந்தது

ஓசாவின் பொற்காலம் மிகக் குறுகியது. 1973 அக்டோபர் 7 இரவு சிரியாவின் லதாகியா துறைமுகத்துக்கு அப்பால் இஸ்ரேலின் சார் வகை ஏவுகணைப் படகுகளும் சிரியாவின் ஓசா, கோமார் படகுகளும் மோதின. ஏவுகணைப் படகும் ஏவுகணைப் படகும் மோதிய முதல் போர் இது. ஸ்டிக்ஸ் பறக்கும் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் இஸ்ரேலின் கேப்ரியல் ஏவுகணை பறக்கும். கணக்குப்படி சிரியா வென்றிருக்க வேண்டும். ஆனால் இஸ்ரேலியர்கள் எய்லாத்தின் பாடத்தை ஆறு ஆண்டுகளாகப் படித்திருந்தார்கள். ரேடாரைக் குழப்பும் மின்னணுக் கருவிகளையும், உலோகப் பூச்சு இழைகளை வானில் தூவும் ராக்கெட்டுகளையும் கொண்டுவந்தார்கள். ஸ்டிக்ஸ் ஒன்றுகூட இலக்கைத் தொடவில்லை. சிரியா ஐந்து கலங்களை இழந்தது.

கராச்சிக்கும் லதாகியாவுக்கும் இடையே இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதே கணை, அதே மாதிரிப் படகு. முன்னதில் எதிரிக்கு மாற்று வழி எதுவும் தெரியாது, பின்னதில் தெரியும். கராச்சியில் வென்றது அதிர்ச்சிதான் என்று சொல்ல இந்த ஒப்பீடே போதும். 1991 வளைகுடாப் போரில் இன்னொரு பாடமும் சேர்ந்தது: இராக்கின் ஏவுகணைப் படகுகளைப் பிரிட்டிஷ் லின்க்ஸ் ஹெலிகாப்டர்கள் ஸீ ஸ்குவா ஏவுகணையால் ஒவ்வொன்றாக அழித்தன. வானம் எதிரி கையில் இருந்தால் படகுக்குப் பகலில் ஒளியவும் இடமில்லை.

பெருத்துக்கொண்டே வந்த படகு

இந்தியா 1976, 1977-இல் ஓசாவின் இரண்டாம் வகையில் எட்டுப் படகுகளை வாங்கியது: பிரசண்ட், பிரளய், பிரதாப், பிரபல், சபல், சமக், சாடக், சராக். ஏவுகணையின் சிறகுகள் மடங்கின. பெட்டி போன்ற கூண்டுக்குப் பதில் உருளைக் குழாய் வந்தது. பறக்கும் தூரமும் கூடியது. அடிப்படைக் குறைகள் அப்படியே இருந்தன. இவற்றுள் ஒன்றான சபல் இன்று கர்நாடகத்தின் கார்வார் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஏறிப் பார்க்கிறவருக்கு முதலில் உறைப்பது அதன் நெருக்கடிதான். நான்கு பெருங்குழாய்கள் போக மனிதனுக்கு மிஞ்சிய இடம் கொஞ்சமே.

அதே ஆண்டுகளில் வந்த விஜயதுர்க், சிந்துதுர்க், ஹோஸ்துர்க் என்ற மூன்று கலங்கள் வேறு திசையைக் காட்டின. நனூச்கா என்ற சோவியத் வகையைச் சேர்ந்தவை. ஓசாவைப் போல மூன்று மடங்கு எடை. அதே நான்கு ஏவுகணைகள்தான். கூடுதல் எடையெல்லாம் அலையைத் தாங்கவும், விமானத்தை எதிர்க்கும் சிறு ஏவுகணையைச் சுமக்கவும் போனது.

1974-இல் பம்பாய்க்கு அப்பால் கடலடியில் எண்ணெய் கண்டறியப்பட்ட பிறகு படகுகளுக்கு இன்னொரு பொறுப்பும் வந்தது: நகராமல் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடைகளைக் காப்பது.

1987 மார்ச்சில் சேர்ந்த புதிய வீர் அடுத்த தலைமுறையின் தொடக்கம். டாரன்டுல் வகை; 56 மீட்டர் நீளம், 500 டன் அளவு, டீசலுக்குப் பதில் கேஸ் டர்பைன், முன்புறம் 76 மில்லிமீட்டர் பீரங்கி, பாய்ந்து வரும் ஏவுகணையைக் குறிவைத்துச் சுடும் அதிவேகத் துப்பாக்கிகள். முதல் ஐந்து கலங்கள் சோவியத் நாட்டில் கட்டப்பட்டன. 1991-இல் வந்த விபூதி முதல் எட்டு கலங்கள் பம்பாய் மசகான் டாக்கிலும் கோவா கப்பல் கட்டும் தளத்திலும் கட்டப்பட்டன. கராச்சிக்குப் போன நிபாத், நிர்காட், வினாஷ் என்ற பெயர்களே இவற்றுக்கும் மறுபடி சூட்டப்பட்டன. 2002-இல் சேர்ந்த பிரபல், பிரளய் இரண்டிலும் பழைய நான்கு பெருங்கணைகளுக்குப் பதில் யுரான் என்ற 16 சிறு கணைகள். கடல் மட்டத்தை ஒட்டித் தாழப் பறப்பவை. ஒன்றைத் தடுத்தாலும் அடுத்தது வரும் என்பது கணக்கு.

சண்டையில் எந்தக் கலமும் அழியவில்லை. ஆனால் 2006 ஏப்ரல் 22 அன்று கோவாவுக்கு அப்பால் ராஜீவ் காந்தி என்ற சரக்குப் பெட்டகக் கப்பலுடன் மோதிப் பிரஹார் மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை.

மும்பையின் 22-ஆவது ஏவுகணைக் கல அணிக்கு 2021 டிசம்பர் 8 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவர் கொடியை வழங்கினார். கார்கில், 2001-02 எல்லைப் பதற்றம், புல்வாமாவுக்குப் பின் 2019 என ஒவ்வொரு முறையும் இந்த அணி கடலில் நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டதே தவிர, 1971-க்குப் பிறகு ஒரு முறைகூடப் போரில் ஏவவில்லை. அதற்குள் வேலையும் இடம் மாறிவிட்டது. இன்று இந்தியாவின் கப்பல் எதிர்ப்புத் திறனின் பெரும் பங்கு நாசகாரிக் கப்பல்களிலும் ஃப்ரிகேட்டுகளிலும் உள்ள பிரம்மோஸ் ஏவுகணையில்தான். ஒலியைப் போல இரண்டே முக்கால் மடங்கு வேகம். ஏற்றுமதி வகைக்குச் சொல்லப்படும் தூரமே 290 கிலோமீட்டர். கள்ளக்குறிச்சியில் நின்று ஏவுவதாக வைத்துக்கொண்டால், 1971-இன் ஸ்டிக்ஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் விழுந்துவிடும். பிரம்மோஸ் சென்னையையும் கடந்து வங்கக் கடலுக்குள் போகும்.

அத்தனை தொலைவில் இருப்பதைப் படகின் ரேடார் பார்க்காது. பூமியின் வளைவு மறைத்துவிடும். பார்ப்பதற்கு வேறு கண் வேண்டும். அந்தக் கண்களுள் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது: அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து 2013 முதல் பறக்கும் பி-8ஐ விமானங்கள். 1971-இல் கில்டன் செய்த வேலையை இன்று வானிலிருந்து செய்பவை அவை.

பக்கத்துக் கடல்கள்

பாகிஸ்தான் தன் பாடத்தைத் தன் வழியில் கற்றது. சீனாவிலிருந்து ஓசாவின் நகல்களையே வாங்கியது. 2012 முதல் அஸ்மத் வகை ஏவுகணைக் கலங்களைச் சேர்த்தது. நீர்மூழ்கிகளுக்கும் விமானங்களுக்கும் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகளைக் கொடுத்தது.

இலங்கையின் கதை வேறு. 2000-இல் இஸ்ரேலிடமிருந்து சார்-4 வகையில் நந்திமித்ர, சூரனிமல என்ற இரு ஏவுகணைக் கலங்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. ஆனால் அது எதிர்கொண்ட கடற்புலிகளிடம் இருந்தவை ஃபைபர் கிளாஸ் படகுகள். தாழ்ந்தவை, வேகமானவை, கூட்டமாக வருபவை. கப்பலைத் தேடும் கணைக்கு அங்கே பொருத்தமான இலக்கே இல்லை. போரின் போக்கை மாற்றியவை உள்நாட்டிலேயே நூற்றுக்கணக்கில் கட்டப்பட்ட ஆரோ வகைச் சிறு துப்பாக்கிப் படகுகள். சிறு படகால் பெருங்கப்பலை அழிக்கும் தத்துவத்தை ஓசாவுக்கும் கீழே, இன்னும் சிறிய அளவுக்குக் கொண்டுபோனது அந்தக் கடல்.

கருங்கடலில் அந்தத் தத்துவம் ஆளே இல்லாத படகு வரை போயிருக்கிறது. 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் கொடிக்கப்பல் மாஸ்க்வாவை உக்ரைன் கரையிலிருந்து ஏவிய நெப்டியூன் கணைகள் மூழ்கடித்தன. யுரான் கணையின் மூல வடிவத்திலிருந்து வளர்த்தெடுத்தது அது. பிரபலின் ஏவுகுழாய்களில் இருப்பவற்றுக்கு உறவு. 2024 பிப்ரவரி முதல் நாள் கிரீமியாவுக்கு அருகே ரஷ்யாவின் இவானவெட்ஸ் என்ற கலத்தை உக்ரைனின் ஆளில்லா வெடிபடகுகள் சூழ்ந்து தாக்கி மூழ்கடித்தன. இவானவெட்ஸ் டாரன்டுல் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் வீர் வகைக்கு நெருங்கிய இனம். 1967-இல் எய்லாத்துக்கு நேர்ந்தது இம்முறை ஏவுகணைக் கலத்துக்கே திரும்பி வந்தது. கரையில் ஒரு லாரியில் வைத்தே கணையை ஏவலாம், ஆளில்லாப் படகே மோதலாம் என்றால், நடுவில் 40 பேரோடு ஒரு கலம் எதற்கு?

ஆறு கலங்களின் கணக்கு

கடற்படை இந்தக் கேள்விக்குச் சொல்லியிருக்கும் விடை 9,805 கோடி ரூபாய் மதிப்புள்ளது. 2023 மார்ச் 30 அன்று கொச்சி கப்பல் கட்டும் தளத்துடன் ஆறு புதிய தலைமுறை ஏவுகணைக் கலங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2024 டிசம்பரில் முதல் கலத்துக்கு எஃகு வெட்டப்பட்டது. 2027 மார்ச் முதல் கலங்கள் கைக்கு வர வேண்டும் என்பது ஒப்பந்தம். எதிரிக் கப்பல்கள் கடக்கும் குறுகிய நீர்வழிகளை அடைப்பதும், தாக்குவதும், கடலோர எண்ணெய் வயல்களைக் காப்பதும் இவற்றின் வேலை.

பழைய கலங்கள் அதற்குள் விடைபெறத் தொடங்கிவிட்டன. வீரும் நிபாத்தும் 2016 ஏப்ரலில், நிர்பீக்கும் நிர்காட்டும் 2018 ஜனவரியில், நிஷாங்க் 2022 ஜூனில் பணி முடித்தன. 13 கலங்கள் இருந்த இடத்துக்கு வரப்போவது ஆறு. ஒவ்வொன்றும் கூடுதல் திறனுள்ளது. ஒவ்வொன்றின் இழப்பும் கூடுதல் வலியுள்ளது. 1971-இல் மூன்று படகுகளை எதிரி வாசலுக்கு அனுப்பத் துணிந்ததற்கு அவை மலிவானவை, போனால் போகட்டும் என்று எண்ணத்தக்கவை என்பதும் ஒரு காரணம். கலம் ஒன்றுக்கு 1,600 கோடிக்கு மேல் செலவிட்ட பிறகு அந்தத் துணிவு அதே அளவில் இருக்குமா என்பது திட்டமிடுபவர்கள் விடை காண வேண்டிய கேள்வி.

ஆகவே புதிய கலங்களை அவற்றின் வேகத்தையோ குழாய்களின் எண்ணிக்கையையோ வைத்து எடைபோட முடியாது. தொலைவில் நிற்கும் இலக்கை அவற்றுக்குக் காட்டப்போகும் விமானம் எது, நெருங்கி வரும் ஆளில்லாப் படகுக் கூட்டத்தை அவற்றின் துப்பாக்கிகள் எவ்வளவு நேரம் தடுக்கும், நீருக்கடியில் இருப்பவனை யார் பார்த்துக்கொள்வது என்ற மூன்றையும் வைத்தே எடைபோட வேண்டும். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த சண்டையின்போது கராச்சி உட்பட இலக்குகளைத் தாக்க ஆயத்தமாக இருந்ததாகக் கடற்படை அறிவித்தது. அப்போது வடக்கு அரபிக் கடலில் முன்னே நின்றது விமானம்தாங்கிக் கப்பலும் அதைச் சூழ்ந்த நாசகாரிகளும் நீர்மூழ்கிகளும் சேர்ந்த பெரும் அணி. கொச்சியில் உருவாகும் ஆறும் அந்தப் பெரும் அணியோடு சேர்ந்து இயங்குமா, 1971-இன் மூன்று படகுகளைப் போலத் தனியே அனுப்பப்படுமா என்பதைப் பொறுத்துத்தான் அவை சுமக்க வேண்டிய ரேடாரும் வான்காப்பும் தீர்மானமாகும்.